பதினான்காவது விளக்கு

அத்தியாயம் 9

சென்ற வாரம் சொக்கலிங்கம் குடும்பத்தைக் கூடத்தில், தரையில் பரவிய ஈரத்தை உற்றுப் பார்த்தபடி நிற்க விட்டுவிட்டு வந்தோம். இடையில் ஒரு ப்ளம்பர் வந்து போனார். நான்காவது ப்ளம்பர். முந்தைய மூவரைப் போலவே இவரும் சுவரில் காதை வைத்துக் கேட்டு, தரையைத் தட்டிப் பார்த்து, "இந்தப் பக்கம் பைப்பே இல்லை, தாதா" என்று வங்காளி முறையில் அண்ணன் போட்டுச் சொல்லிவிட்டு, வந்துபோன கூலியையும் வாங்கிக்கொண்டு போனார்.

பைப் இல்லாத இடத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சாமான் அறையில் ஆகஸ்டில் ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒரு வரிசை டைல்ஸ் என்று கணக்காக முன்னேறி, கூடத்தின் நடுவுக்கு வந்துவிட்டது. ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் எந்த வேலையும் இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

இன்று தீபாவளி. விடிகாலை எண்ணெய் தேய்த்துக் குளித்து முடித்ததும் மனைவி வாசுகி கூடத்தில் சின்னதாக ஒரு கோலம் போட்டார். நிஜமான கங்கை ஒரு மணி நேர பஸ் தூரத்தில் ஓட, பக்கெட் வெந்நீரைக் கங்கை என்று நம்பிக் குளித்த திருப்தியோடு சொக்கலிங்கம் புதுவேட்டியில் வந்து நின்றார்.

"என்னங்க, இங்க வாங்க."

"என்ன?"

"கோலத்தைப் பாருங்க."

கோலத்தின் நடுவில் ஒரு நத்தை. கட்டைவிரல் அளவு, கறுப்பு. குளத்துச் சேற்றில் கிடக்குமே, அந்த ஜாதி. வெள்ளை மாவில் ஒரு கோடு இழுத்தபடி பூஜை அறைப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.

"ஐ ஆம் அவேர்" என்றார் சொக்கலிங்கம்.

அவரைப் பற்றி இன்றுதான் படிக்க வருகிறவர்களுக்கு: பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் துணைப் பொது மேலாளராக இருந்தவர். அவர் ஓய்வு பெற்றபோது நிஜமாக ஓய்வு கிடைத்தது நிறுவனத்துக்குத்தான் என்று அங்கே சொல்வார்கள். தெரியாத எதையும் யாராவது சொன்னால் 'ஐ ஆம் அவேர்' என்பது அவர் வழக்கம். முப்பத்தாறு வருடம் அந்த மூன்று சொல்லை வைத்தே பதவி உயர்வு வாங்கியவர்.

"எதுங்க தெரியும்? நத்தை எப்படி வந்துச்சுன்னு தெரியுமா?"

"மாய்ஸ்ச்சர். மாய்ஸ்ச்சர் இருந்தா இதெல்லாம் வரும்."

"எங்க இருந்து வரும்? குளம் குட்டை இருக்கா பக்கத்துல?"

இந்தக் கேள்வியைக் கவனித்து வையுங்கள். இந்த ஊரின் பெயர் பத்மதிகி. திகி என்றால் வங்காளியில் குளம். நியூ டவுனின் கடைசி அடுக்குமாடியும் முடிந்த பிறகு, ஆட்டோவில் இருபது நிமிஷம். நூற்று நாற்பது மனை, ஒரு கூட்டுறவுச் சங்கம், ஒரு பூங்கா. தாமரைக்குளம் என்று பெயர் வைத்த ஊரில் குளம் எங்கே என்று இருபத்திரண்டு வருடமாக யாரும் கேட்கவில்லை. வாசுகி மட்டும் இன்று காலை, அதுவும் கோபத்தில், கேட்டார்.

சொக்கலிங்கம் காதில் அது விழவில்லை. அவர் மனம் மாலை ஐந்து மணியில் இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு 'பத்மதிகி 2050' செயலுக்கு வருகிறது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் கொண்ட நீண்டகாலச் சமூகத் திட்டம். செயலாக்கக் குழுவின் தலைவர் சொக்கலிங்கம். முதல் கட்டம், நீர்நிலை மீட்பு: பழைய சர்வே வரைபடத்தில் எங்கே குளம் இருந்ததோ அங்கேயே மீண்டும் வெட்டுவது. மேலே என்ன கட்டடம் இருந்தாலும் அகற்றுவது. அவர் இன்று உத்தரவில் கையெழுத்திட்டால் திங்கட்கிழமை இயந்திரம் வரும்.

'எவர் மனையானாலும், எவர் பதவியானாலும் விதிவிலக்கு இல்லை' என்ற வரியைப் போன வாரம் பொதுக்குழுவில் சேர்க்கச் சொன்னவரே சொக்கலிங்கம்தான். எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கை தட்டியவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த வரி பொதுநலத்துக்காகப் பிறந்ததல்ல. எதிர்வீட்டு ரமேஷ்பாபுவின் கார் ஷெட்டுக்காகப் பிறந்தது. மழைக்காலத்தில் அந்த ஷெட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஆகவே குளம் அதற்கு அடியில்தான் என்று சொக்கலிங்கம் தாமாகவே முடிவு கட்டியிருந்தார். நாலு வருடமாக அந்த ஷெட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காரின் மூக்கு அவர் கேட்டை மறைக்கிறது. ஒரு காரின் மூக்கை உடைக்க 2050 வரை திட்டம் போட்ட மனிதர் அவர்.

வரைபடம் இணைப்பு ஏழில் இருந்தது. இணைப்புகளைப் படிப்பது கீழே உள்ளவர்கள் வேலை என்று சொக்கலிங்கம் நினைப்பார். இப்போது அவருக்குக் கீழே யாரும் இல்லை.

*

பதினொரு மணிக்கு மகள் மாதங்கி பெலாதியின் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். நியூ டவுனில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. தீபாவளி என்று விடுப்பு எடுத்தவளை, உத்தரவின் ஆறு பிரதி எடுத்துவர அனுப்பிவிட்டார் அப்பா.

பெலாதிக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த நிலம் வயலாக இருந்த காலத்திலிருந்து இங்கேயே இருக்கிற குடும்பம். சங்கம் வந்தபோது நிலம் போய், கேட் ஓரமாக இந்தக் கடை கிடைத்தது. கவுண்ட்டரில் ஒரு பை நிறையக் கீரை. பல ஜாதி கலந்தது. இன்று பூத் சதுர்தசி. காளி பூஜைக்கு முந்தின நாள். வங்காளி வீடுகளில் பதினாலு கீரை சமைப்பார்கள்; அந்தி சாய்ந்ததும் பதினாலு தலைமுறைப் பித்ருக்களுக்குப் பதினாலு விளக்கு ஏற்றுவார்கள்.

"உன் அப்பா கையெழுத்துப் போடப் போறாரா?" என்றாள் பெலாதி. இருவரும் பேசியது வங்காளியில். மாதங்கிக்குத் தமிழைவிட அது சுலபம்.

"ஆமா பெலாதி. காலைல இருந்து பேனாவுக்கு மை போட்டுட்டு இருக்கார்."

"படிச்சாரா?"

"எதை?"

பெலாதி மெஷினை நிறுத்தினாள். "இந்தத் திட்டத்தை இருநூறு காப்பி போட்டது நான். பக்கத்துக்குப் பக்கம் சிக்கும், எடுத்துச் சரி பண்ணணும். அதனால முழுக்கப் படிச்சேன். ஊர்ல நான் ஒருத்திதான் படிச்சிருக்கேன்னு இப்பதான் புரியுது."

டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். இணைப்பு ஏழு. பூங்காவையும் அதை ஒட்டிய ஒரே ஒரு மனையையும் சேர்த்து, பூசணிக்காய் வடிவத்தில் நீல நிறம். அந்த மனையின் எண் 31.

மாதங்கி தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். 31 மாறவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் எல்லாப் படிவத்திலும் எழுதிவரும் எண்.

"இது எங்க வீடு."

"ஆமா."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமாவா? அந்தக் குளத்துலதான் நீச்சல் கத்துக்கிட்டேன். லாரி லாரியா சாம்பலைக் கொட்டி மூடினப்போ கரையில நின்னு அழுதேன். உன் அப்பா மனை பார்க்க வந்தாரே, அன்னிக்கே சொன்னேன். 'பாபு, இது குளம், படித்துறை இங்கதான் இருக்கு'ன்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"இங்கிலீஷ்ல ஏதோ சொன்னார். ஐ ஆம்…"

"அவேர்."

"அதேதான். தெரிஞ்சே வாங்குறார்னு நினைச்சேன். பெரிய மனுஷங்க, ஏதாவது காரணம் இருக்கும்."

மாதங்கி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பெலாதி கீரைப் பையை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"வருஷா வருஷம் இன்னிக்கு உங்க கேட்டுல ஒரு விளக்கு வைக்கிறேனே, எதுக்குன்னு நினைச்சே?"

"அம்மா தீபாவளி வாழ்த்துன்னு நினைச்சு லட்டு குடுத்து அனுப்புவாங்க."

"லட்டு நல்லாத்தான் இருக்கும்." பெலாதி லேசாகச் சிரித்தாள். "மத்தவங்க வீட்டுக்குள்ள வைப்பாங்க. எங்க குடும்பத்துல குளக்கரையில வைக்கிற வழக்கம். கரையைச் சுத்திப் பதிமூணு. பதினாலாவது படித்துறையில, தண்ணியைத் தொடுற படியில."

"குளம் மூடின பிறகு அந்தப் பதினாலாவதை எங்க வைக்கிறீங்க?"

"வைக்கிறதில்லை. இருபத்திரண்டு வருஷமா பதிமூணுதான்." மெஷினை மறுபடி ஓட விட்டாள். பச்சை வெளிச்சம் அவள் முகத்தில் ஏறி இறங்கியது. "படியைத் தேடிட்டு இருப்பாங்களோ என்னவோ."

"யாரு?"

"காப்பி ஆறா, ஏழா?" என்றாள் பெலாதி.

*

"வடக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார் சொக்கலிங்கம்.

தாளை இதுவரை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்திருந்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் ரமேஷ்பாபுவின் கார் ஷெட் நீலத்துக்கு வெளியே முப்பதடி தள்ளி, காய்ந்து, சௌக்கியமாக இருந்தது.

"அப்பா, ப்ளீஸ். மேலதான் வடக்கு. அம்பு போட்டிருக்கு."

"அம்பு சரியா இருக்கணும்னு என்ன கட்டாயம்?"

வாசுகி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தார். மகள் சொன்னதை எல்லாம் கேட்டிருந்தார். மதுரைக்காரர், கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும்.

"நாம மனை வாங்குறதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணு சொல்லிச்சாங்க?"

"அப்ப நிறைய பேர் நிறைய சொன்னாங்க, வாசு."

"குளம்னு எத்தனை பேர் சொன்னாங்க?"

ஜன்னல் வழியாகத் தெருவில் யாரோ வெடித்த ஊசிப்பட்டாசு மட்டும் பதில் சொன்னது.

"கையெழுத்துப் போட்டா வீட்டை இடிச்சிருவாங்க. அப்படித்தானே?"

"மாற்று மனை உண்டு. திட்டத்துல இருக்கு."

"எப்ப?"

மாதங்கி பக்கத்தைத் தேடிப் படித்தாள். "இடிக்கிறது முதல் கட்டம். மாற்று மனை மூணாவது கட்டம். ரெண்டாயிரத்து நாற்பத்தொண்ணு."

"அதுவரைக்கும் எங்க இருக்கிறதாம்?"

"அது இணைப்பு ஒன்பதுல இருக்குமாம். இணைப்பு எட்டோட முடிஞ்சிருது."

வாசுகி கரண்டியை மேஜைமேல் வைத்தார். "என் நகையை வித்துக் கட்டின வீடு இது. ஒவ்வொரு செங்கலுக்கும் நான் தண்ணி ஊத்தியிருக்கேன். நீங்க கையெழுத்துப் போடக் கூடாது. போட்டா, உங்க 2050-க்கு நீங்க மட்டும் தனியாப் போய்ச் சேருங்க."

"விதிவிலக்கு இல்லைன்னு நானே சொல்லியிருக்கேன். நூறு பேர் கை தட்டினாங்க."

"கை தட்டினவன் வீட்டுல போய்ப் படுத்துக்குவீங்களா?"

சொக்கலிங்கம் யோசித்தார். நெருக்கடியில் அதிகாரிகளுக்கு மட்டும் திறக்கும் ஒரு கதவு உண்டு; அது திறந்தது. "தொழில்நுட்பக் காரணம் சொல்லி ஒத்திவைச்சிடலாம். வடக்கு அம்பு சரிபார்க்க ஒரு துணைக்குழு. ஆறு மாசம் ஓடிடும். அப்புறம் இன்னொரு துணைக்குழு."

நத்தை அதற்குள் பூஜை அறை வாசற்படிக்கு வந்திருந்தது. வாசுகி அதை ஒரு தாளில் ஏந்தி வெளியே கொண்டுபோய்ப் பூங்கா ஓரம் விட்டார். திரும்பி வந்தபோது, அதே இடத்தில் இன்னும் இரண்டு.

*

நாலே முக்காலுக்குச் சொக்கலிங்கம் சங்கக் கட்டடத்துக்குப் புறப்பட்டுப் போனார். கார்த்திகை இன்னும் பிறக்கவில்லை. அதற்குள் இந்தப் பக்கத்தில் ஐந்து மணிக்கு இருட்டிவிடும்.

மாதங்கி மொட்டை மாடிக்கு ஏறினாள். இந்த அந்தி நேரத்தில் மாடிக்குப் போகக் கூடாது, ராக்கெட் வந்து விழும் என்பது அம்மாவின் நெடுநாள் சட்டம். இன்று அம்மா தடுக்கவில்லை.

கீழே பெலாதி ஒரு தட்டோடு நடந்துகொண்டிருந்தாள். குனிவாள், வைப்பாள், நிமிர்வாள். பூங்கா வேலியோரம், ரமேஷ்பாபுவின் சுவருக்கு எதிரே தெருவின் இந்தப் பக்கம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில், கடைசியாக இவர்கள் கேட்டில். தெருவில் நின்று பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய அகல்கள். மேலேயிருந்து பார்த்தபோது அவை ஒரு கோடாக வளைந்தன. பூசணிக்காய் வடிவம். கையில் இருந்த இணைப்பு ஏழுக்கும் இதற்கும் ஒரு விரல்கூட வித்தியாசம் இல்லை. பூங்கா உள்ளே இருந்தது. இந்த வீடும் உள்ளே இருந்தது.

எண்ணினாள். பதிமூன்று.

பெலாதி தட்டைக் கவிழ்த்து, கும்பிட்டு, திரும்பிப் பார்க்காமல் கடைப் பக்கம் நடந்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மாதங்கிக்குக் காற்று நின்றுவிட்டது தெரிந்தது. பட்டாசுச் சத்தமும் நின்றிருந்தது. கரை விளக்குகளில் ஒரு சுடர்கூட அசையவில்லை. அவை எரிந்த வளையத்துக்குள் மட்டும் தவளைகள் கத்த ஆரம்பித்தன. இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீரைப் பார்க்காத பூங்காவில் தவளைகள்.

"மாதங்கீ!"

அம்மா அப்படிக் கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை. நான்கு நான்கு படியாகத் தாவி இறங்கினாள்.

கூடத்தில் மின்விளக்கு எரியவில்லை. வாசுகி சாமான் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து மஞ்சள் வெளிச்சம்.

"நீ வச்சியா?"

"என்னது?"

அறைக்குள் பழைய பெட்டிகள் எல்லாம் சுவரோரம் ஒதுங்கியிருந்தன, யாரோ வழிவிடச் சொன்னதுபோல. நடுவில் நாலு டைல்ஸ் உடையாமல், விரிசல் இல்லாமல், மூடியைத் திறந்தாற்போல் எழும்பி நின்றன. அதற்குக் கீழே ஒரு கருங்கல் படி. அதற்கும் கீழே இன்னொன்று. பிறகு தண்ணீர். இரண்டாவது படியில், தண்ணீர் தொட்டும் தொடாமலும், ஒரு அகல் எரிந்துகொண்டிருந்தது.

பெலாதியின் அகல்கள் கடைச் சரக்கு, விளிம்பில் சிவப்புச் சாயம் பூசியவை. இது சாயம் இல்லாத வெறும் மண். பாசி பிடித்திருந்தது.

"மா கோ" என்றாள் மாதங்கி. வங்காளியில் 'அம்மாடி'.

வாசுகி அந்தச் சுடரைப் பார்த்துக் கை குவித்தார். பிறகு மகளிடம் கை நீட்டினார். "உன் அப்பாவுக்குப் போன் போடு."

*

சங்கக் கட்டடத்தில் சொக்கலிங்கம் எழுந்து நின்று தொண்டையைச் செருமி முடித்திருந்தார். மேஜையில் உத்தரவு. பக்கத்தில் திட்ட ஆலோசகர் ஸ்ரீநாத், தலைமுடியில் ஒரு மயிர்கூட இடம் மாறாமல்.

"ஒரு சின்னத் தொழில்நுட்ப விஷயம்" என்று ஆரம்பித்தார் சொக்கலிங்கம். "வடக்கு அம்பைப் பொறுத்தவரை…"

"சார்" என்றார் ரமேஷ்பாபு, முதல் வரிசையிலிருந்து. "இணைப்பு ஏழு இன்னிக்குத்தான் பார்த்தேன். உங்க வரியை நினைச்சு உடம்பு சிலிர்த்துப் போச்சு. சொந்த வீட்டைத் தெரிஞ்சே குடுக்கிறதுன்னா… எங்க ஷெட்டைத்தான் சொல்றீங்கன்னு நான் தப்பா நினைச்சிட்டேன், மன்னிக்கணும்."

கை தட்டல். எழுந்து நின்று. அந்தப் பெரியவர் மறுபடி கண்ணைத் துடைத்தார்.

சொக்கலிங்கம் வடக்கு அம்பை மறுபடி தேடினார். அந்த நேரத்தில் போன் அடித்தது. ஒத்திவைக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது என்று நன்றியோடு எடுத்தார்.

"என்னங்க, போட்டுட்டீங்களா?"

"இல்லை வாசு. நீ சொன்ன மாதிரிதான். ஒத்திவைக்கிறேன்."

"வேண்டாம். போட்டுடுங்க."

"என்ன?"

"நம்ம வீடுன்னு நினைச்சிட்டு இருந்தோம். இங்க முன்னாடியே ஆள் இருக்காங்க." வாசுகியின் குரல் இறங்கியிருந்தது, ஆனால் அது கோபம் இல்லை. "அந்தப் பொண்ணு சொன்னப்ப, படித்துறை இங்கதான்னு உங்களுக்கு நிஜமாவே தெரியுமா?"

கூட்டம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஏனோ அதற்கு மேல் வரவில்லை.

"தெரியாது, வாசு."

"சரி" என்றார் வாசுகி. கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் கணவர் 'தெரியாது' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. போன் வைக்கப்பட்டது.

சொக்கலிங்கம் உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உத்தரவை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, உதடு அசைய, இணைப்புகளோடு படித்தார். ஸ்ரீநாத் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சொக்கலிங்கம் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். படித்துவிட்டுப் போட்டது இது ஒன்றுதான்.

வீட்டில் அதே நிமிஷம் மின்விளக்குகள் எரிந்தன.

மாதங்கி அம்மாவின் கையைப் பிடித்தாள். "பார்த்தீங்களா? போட்டுட்டார் போல. படியைத் தேடினவங்க ஒத்துக்கிட்டாங்க."

வாசுகி வெளிச்சத்தில் இப்போதுதான் தெரிந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். படியின் விளிம்பிலிருந்து சாமான் அறையைக் கடந்து, கூடத்து டைல்ஸின் மேல், கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, பூஜை அறைக்குள் ஈரக் காலடிகள் போயின. செருப்பில்லாத கால்கள். பெரியவை, சிறியவை, குழந்தைக் காலும் ஒன்று.

எல்லாம் மேலே ஏறி வந்தவை. இறங்கிப் போனதாக ஒன்றுகூட இல்லை.

பூஜை அறைக் கதவு உள்ளேயிருந்து மெதுவாகச் சாத்திக்கொண்டது.